விலை எழுதாத சரக்கு: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: அடுத்த மாதம் நண்பர்களோடு கோவா போகிறோம். நெடுநேரம் பரிசு கொடுக்காத ஸ்லாட் இயந்திரமாகப் பார்த்து உட்கார்ந்தால் கட்டாயம் விழும் என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், காட்பாடி

பதில்: உண்மை இல்லை. ஸ்லாட் இயந்திரம் என்பது காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் படம் பதித்த உருளைகள் சுற்றி, குறித்த படங்கள் சேர்ந்து நின்றால் பரிசு தரும் சூதாட்டப் பெட்டி. கோவா 1992-இல் தன் சூதாட்டச் சட்டத்தைத் திருத்தி, ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் இந்த இயந்திரங்களை அனுமதித்தது. ஆகவே ஆடுவது உங்கள் விருப்பம். ஆனால் அந்த இயந்திரத்துக்கு நேற்று நடந்தது தெரியாது. பொத்தானை அழுத்திய நொடியிலேயே உள்ளிருக்கும் நிரல் எண்களை எடுத்துவிடுகிறது. முடிந்துபோன முடிவைக் காட்டத்தான் உருளைகள் சுற்றுகின்றன.

பழைய இயந்திரத்தில் கண்ணால் கணக்குப் போடலாம். உருளைக்கு 22 இடங்கள், பரிசுப் படம் ஒவ்வொன்றிலும் ஒன்று என்றால், மூன்றும் சேர்ந்து விழ 10,648-இல் ஒரு வாய்ப்பு. 1984-இல் டெல்னஸ் என்பவர் பெற்ற காப்புரிமை அதை மாற்றியது. நீங்கள் பார்ப்பது 22 இடங்கள். உள்ளே கணினி வைத்திருக்கும் உருளையில் 64 இருக்கலாம். அப்போது வாய்ப்பு 2,62,144-இல் ஒன்று. பரிசுப் படத்தை ஒட்டிய வெற்றிடங்களுக்குக் கூடுதல் எண்களை ஒதுக்கிவிட்டால், "மயிரிழையில் தப்பியதே" என்று நீங்கள் மறுபடியும் காசு போடுவீர்கள்.

என் ஆத்திரம் விலையைப் பற்றியது. வேலூர் லாங்கு பஜாரில் ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்திலும் விலை அச்சிட்டிருக்க வேண்டும். இந்தச் சரக்குக்கு மட்டும் விலையை நாமே கணக்கிட வேண்டியிருக்கிறது. போட்ட பணத்தில் சராசரியாக 95 சதவீதத்தைப் பரிசாகத் திருப்பித் தரும் இயந்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கு 10 ரூபாய், நிமிடத்துக்குப் பத்து ஆட்டம் என்றால் மணிக்கு 6,000 ரூபாய் புரளும். சராசரியாக 300 ரூபாய் போய்விடும். அதுதான் ஒரு மணி நேரத்தின் விலை. 20 ரூபாய் கட்டி 6 ரூபாய் விழுந்தாலும் விளக்கு எரியும், இசை முழங்கும். உங்களுக்கு 14 ரூபாய் நஷ்டம். திருப்பித் தரும் விகிதத்தைக் கேளுங்கள். சொல்லாவிட்டால் உட்காராதீர்கள். எவ்வளவு போனால் எழுவது என்பதைக் காட்பாடி ஸ்டேஷனில் ரயில் ஏறும்போதே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: கைபேசி ஸ்லாட் செயலி ஒன்றில் என் கணவர் 18,000 ரூபாய் கட்டினார். இப்போது கணக்கில் 1,20,000 காட்டுகிறது. அதை எடுக்க 30 சதவீத வரியை முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள். தாலிச் சங்கிலியை அடகு வைக்கலாமா?
— பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்: வைக்காதீர்கள் அம்மா. பரிசுப் பணத்துக்கு வரி என்றால் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்களே தவிர, உங்களிடம் முன்பணம் கேட்க மாட்டார்கள். அந்த 1,20,000 வெறும் திரை எண். இன்றைக்கே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண்களையும் அவர்கள் அனுப்பிய செய்திகளையும் அழிக்காதீர்கள். தமிழ்நாட்டின் 2022 இணையச் சூதாட்டத் தடைச் சட்டப்படி இத்தகைய ஆட்டத்தை ஆடுவதும் குற்றம்தான். அதற்குப் பயந்து மூடி மறைத்தால் சங்கிலியும் போகும்.

நான் மிக்ஸி வாங்கிய கடையில் தந்த சுரண்டிப் பார்க்கும் பரிசுக் கூப்பனுக்குக் கார் விழுந்திருப்பதாகத் தபால் வந்தது. பதிவுக் கட்டணம் என்று 4,500 ரூபாய் அனுப்பினேன். வெட்கத்தில் ஒரு வாரம் வீட்டில் சொல்லவில்லை. அந்த வாரத்துக்குள் இன்னும் 3,000 அனுப்பிவிட்டேன். உங்கள் கணவரைத் திட்டாதீர்கள், கூடவே உட்கார்ந்து புகார் எழுதுங்கள்.

கேள்வி: ஜாக்பாட் விழும் நேர அட்டவணையை 2,500 ரூபாய்க்கு வாங்கினேன். ஒன்றும் பலிக்கவில்லை. ரசீதும் இல்லை, விற்றவர் முகவரியும் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?
— வாசகர், ராணிப்பேட்டை

பதில்: ரசீது இல்லை, விற்றவர் முகவரி இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். யார் மேல் வழக்குப் போடுவது? போன வருடம் எண்ணெய் எடுக்கும் இயந்திரம் வாங்கியபோதும் ரசீது வாங்கவில்லை என்று எழுதியவர் நீங்கள்தானே!

கேள்வி: பன்னிரண்டு வயது மகன் காசில்லாத ஸ்லாட் விளையாட்டு ஆடுகிறான். பணம் போகாதபோது தவறென்ன?
— வாசகி, ஆரணி

பதில்: காசில்லா ஆட்டத்தில் வெற்றியை வேண்டிய மட்டும் அள்ளிக் கொடுக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. காசு ஆட்டமும் அப்படித்தான் என்று பிள்ளை நம்பிவிடுவான். இன்றிரவே நீக்குங்கள், ஏன் என்றும் அவனிடம் சொல்லுங்கள்.