232 கிலோமீட்டருக்கு ஏன் 45 நிமிடம்?

தைப்பூசம் நெருங்கினால் போதும், நம் மொரீஷியஸிலிருந்து பக்கத்துத் தீவான ரீயூனியனில் இருக்கும் சொந்தக்காரர்கள் வீட்டுக் காவடிக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் இந்தப் பயணத்தைப் பற்றித்தான். இந்த வாரம் வந்தவற்றில் சில.

நம் பிளெசான்ஸ் விமான நிலையத்திலிருந்து ரீயூனியனின் சென் தெனிக்கு 232 கி.மீ.தான். ஏ.டி.ஆர். என்ற சின்ன விசிறி விமானம் மணிக்கு 500 கி.மீ. போகுமே, பிறகு ஏன் டிக்கெட்டில் 45 நிமிடம்?

உங்கள் கணக்கில் தப்பில்லை. ஆனால் 232 என்பது இரண்டு நிலையங்களுக்கும் நடுவே நேர்க்கோடு போட்டு அளந்தது, 500 என்பது மேலே ஏறி நிலைத்த பிறகு கிடைக்கும் வேகம். டிக்கெட்டில் இருப்பதோ, விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கும் வரைக்குமான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, காற்றைப் பார்த்து எந்தப் பக்கமிருந்து இறங்கச் சொல்கிறார்களோ அதற்காகச் சுற்றி வருவது எல்லாமே அதில் அடக்கம். இவ்வளவு குட்டைத் தூரத்தில் ஏறி முடிந்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும், அதனால் ஜெட்டில் போனாலும் பெரிய லாபம் கிடையாது.

நான் சொல்வது இதுதான்: வானத்து நிமிடங்களை எண்ணாதீர்கள், தரையில் ஆகும் நேரத்தை எண்ணுங்கள். இது வெளிநாட்டுப் பயணம், 2 மணி நேரம் முன்னால் போக வேண்டும். பாஸ்போர்ட் வரிசை, பெட்டி, டாக்ஸி என்று சேர்த்தால் ரோஸ் ஹில் வீட்டிலிருந்து அந்த வீட்டு வாசலுக்குப் பாதி நாள் போய்விடும்.

சித்தி வீடு சென் பியேரில். எங்கே இறங்குவது?

சென் தெனியின் ரொலான் காரோஸ் விமான நிலையம் தீவின் வடக்கே, சென் பியேர் தெற்கே. நடுவில் சுமார் 90 கி.மீ. சாலை, காலையும் மாலையும் நெரிசல். சென் பியேரை ஒட்டியே பியர்ஃபோன் என்ற சின்ன நிலையம் இருக்கிறது. பிளெசான்ஸிலிருந்து சுமார் 255 கி.மீ., பறக்கும் நேரத்தில் சில நிமிடம்தான் கூடும். உங்கள் நாளில் அங்கே விமானம் இருந்தால் யோசிக்காமல் எடுங்கள். சென் ஆந்த்ரே போகிறவர்களுக்கு ரொலான் காரோஸ்தான் பக்கம்.

ரொட்ரீக்ஸ் தீவும் நம் நாடுதானே, அதற்கு ஏன் ஒன்றரை மணி நேரம்?

நம் நாடுதான், ஆனால் கிழக்கே சுமார் 600 கி.மீ. கடல். அங்குள்ள பழைய ஓடுபாதை 1,300 மீட்டருக்கும் குறைவு, அதனால்தான் இவ்வளவு காலமும் ஏ.டி.ஆர். போன்ற சின்ன விமானங்கள். தலைக்கு மேலுள்ள பெட்டி அறையும் சிறியது, பெரிய கைப்பையோடு போகாதீர்கள்.

கடிகாரத்தை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். மூன்று தீவுக்கும் ஒரே நேரம்.

காவடிக்கு மாவிலை, பூ, எலுமிச்சம்பழம் கொண்டுபோகலாமா?

தயவுசெய்து வேண்டாம். தாவரங்களுக்கான சான்றிதழ் இல்லாத இலை, பூ, பழத்தை ரீயூனியனில் பிடுங்கிவிடுவார்கள், பூச்சியும் நோயும் தீவுக்குள் வரக்கூடாதென்று. விரதமிருந்து ஆசையாகப் பறித்ததை அங்கே பறிகொடுத்துவிட்டுக் கலங்கி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கேயே எல்லாம் கிடைக்கிறது, சித்தியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்புறம், தைப்பூசம் புயல் காலத்தில்தான் வருகிறது, எச்சரிக்கை ஏறினால் விமானம் நின்றுவிடும். காவடி அன்று காலை விமானத்தை நம்பாதீர்கள், 2 நாள் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.