தீனியை முகர்ந்துவிட்டுப் போகும் லாப்ரடார்

இரண்டு வயது லாப்ரடார் கடைத் தீனியைத் தொடுவதில்லை, வீட்டுச் சாப்பாடு கலக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கலக்கலாம். ஆனால் மிஞ்சிய குழம்புச் சோறு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழிக்கறி, அவித்த முட்டை, பரங்கிக்காய், கேரட் எல்லாம் சரி. (எங்கள் வீட்டு நாய் கேரட்டை மட்டும் பொறுக்கி வெளியே துப்பிவிடும்.) வெந்த எலும்பு கூடவே கூடாது, கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

மொத்தச் சாப்பாட்டில் 10 சதவீதத்தைத் தாண்டாமல் கலந்து, அதற்கேற்பத் தீனியைக் குறையுங்கள். லாப்ரடார் சீக்கிரம் பெருத்துவிடும். முழுக்க வீட்டுச் சாப்பாடு என்றால் கால்சியம் குறையும், கால்நடை மருத்துவரிடம் அளவு கேளுங்கள். அப்புறம், திடீரென்றுதான் தீனியை வெறுத்தது என்றால் முதலில் பல்லைப் பாருங்கள்.