தடா தாண்டினால் என்ன வேலை? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: பையன் பத்தாவது முடித்துவிட்டான். ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ் எங்கள் தெரு முனையிலேயே நிற்கிறது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் எடுக்கச் சொல்கிறார் அவன் மாமா. ஏ.சி. மெக்கானிக் என்கிறார் அவன் அப்பா. எதில் சேர்ப்பது?
- ஒரு தாய், சத்தியவேடு

பதில்: முதலில் பஸ்கள் எந்தக் கம்பெனிக்குப் போகின்றன என்று பாருங்கள். தடா அருகே ஆந்திராவில் இருக்கும் தொழில் நகரமான ஸ்ரீசிட்டியில் 2016-ல் இசுசூ வண்டி தயாரிக்கத் தொடங்கியபோது எல்லோரும் ஆட்டோமொபைல் என்றே பேசினார்கள். அப்போது ஃபிட்டருக்கு மவுசு. இப்போது டைக்கின், புளூ ஸ்டார், லாயிட் ஏ.சி. செய்யும் ஹேவல்ஸ் எல்லாம் அங்கே உற்பத்தி செய்கின்றன. எல்.ஜி. 2025 மே மாதம் அடிக்கல் நாட்டியது. ஏ.சி.க்கும் எல்.இ.டி. விளக்குக்கும் சேர்த்து மத்திய அரசு 2021-ல் 6,238 கோடி ரூபாய் உற்பத்தி ஊக்கத்தொகை அறிவித்தது. செம்புக் குழாய், காயில், கம்ப்ரஸர் எனப் பாகங்களையும் இங்கேயே செய்தால்தான் அந்தத் தொகை. ஆகவே ஆள் தேவை கடைசி அசெம்பிளியோடு நிற்கவில்லை, பாகத் தொழிற்சாலை வரை பரவியிருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தை ஆள் பிடிக்க வரும் ஏஜென்ட் சொல்லமாட்டார். ஏ.சி. கோடைச் சரக்கு. ஜனவரியிலிருந்து மே வரை லைன் பறக்கும், மழை வந்தால் தளரும். தளரும்போது முதலில் வீட்டுக்குப் போவது கான்ட்ராக்ட்டில் ஸ்க்ரூ முடுக்கிய பையன்கள். மெஷினை ஓட வைக்கும் மெயின்டனன்ஸ் ஆளை மழைக்காலத்திலும் அனுப்பமாட்டார்கள், பழுது பார்க்கும் காலமே அதுதான்.

எனவே எங்கள் ஓட்டு அவன் அப்பாவுக்கு, ஒரு நிபந்தனையோடு. குளிர்சாதனப் பிரிவு 2 வருடம். அதில் கேஸ் நிரப்பவும் குழாய் ஒட்டவும் மட்டும் கற்றால் போதாது, கன்ட்ரோல் வயரிங்கும் கைக்கு வரவேண்டும். குளிர்சாதனப் பிரிவில் இடம் கிடைக்காவிட்டால் எலக்ட்ரீஷியன், அதுவும் 2 வருடம்தான்.

வயரிங் என்றால் என்ன எதிர்பார்க்கிறார்கள்? ஓர் உதாரணம்: கன்வேயர் திடீரென்று நிற்கிறது. இரும்புத் தட்டு வந்ததைப் பார்க்கும் சென்சாரில் மூன்று ஒயர்: பழுப்பு 24 வோல்ட், நீலம் பூஜ்யம், கறுப்பு சிக்னல். ஒரு ஸ்பேனரை அதன் முகத்தருகே காட்டுங்கள். சென்சாரிலுள்ள சிறு விளக்கு எரிந்து, லைனை இயக்கும் பி.எல்.சி. கன்ட்ரோல் பெட்டியில் அதற்குரிய விளக்கு எரியவில்லை என்றால் கறுப்பு ஒயரோ டெர்மினலோ விட்டுப்போயிருக்கிறது. எதையும் காட்டாமலேயே சென்சார் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் முகத்தில் இரும்புத் தூள் அப்பியிருக்கலாம், துடைத்தால் சரி. இந்த இரண்டு நிமிடச் சோதனை தெரியாதவர் சென்சாரையே மாற்றுவார், அரை மணி நேரம் லைன் நிற்கும். இன்டர்வியூவில் கேட்பதும் இந்த மாதிரிதான்.

கேள்வி: ஏ.சி. காயில் கம்பெனியில் பிரேஸிங், அதாவது குழாய் ஒட்டும் டெஸ்ட் வைத்தார்கள். செம்புக் குழாய் மூன்று ஜாயின்ட் போட்டேன். பார்வைக்கு நன்றாக இருந்தது. தண்ணீரில் முக்கி அழுத்தம் கொடுத்ததும் இரண்டில் குமிழி வந்துவிட்டது. எங்கே தப்பு?
- ஒரு வாசகர், புத்தூர்

பதில்: பார்க்க நன்றாக இருந்தும் கசிகிறது என்றால் ஒட்டும் கம்பி உருகி மேலே குவிந்திருக்கிறது, உள்ளே இறங்கவில்லை. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: சுவாலையைக் கம்பி மேல் காட்டி உருக்கி ஊற்றியிருப்பீர்கள். கம்பியை உருக்க வேண்டியது சுவாலை அல்ல, சூடேறிய குழாய்.

முதலில் உள்ளே போகும் குழாயைச் சூடாக்குங்கள், பிறகு அதை வாங்கும் கப்பை, அதாவது அடுத்த குழாயின் விரிந்த வாயை. சுவாலையை ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றிச்சுற்றிக் காட்டவேண்டும். மங்கலான செஞ்சிவப்பு வந்ததும், சுவாலைக்கு எதிர்ப்பக்கத்தில் கம்பியைத் தொடுங்கள். உருகிய உலோகம் சூடு இருக்கும் பக்கம் தானாக ஓடி இடுக்கில் இறங்கும். ஆரஞ்சு நிறம் தட்டினால் எல்லை தாண்டிவிட்டீர்கள். செம்பு 1,085 டிகிரியில் உருகும், மெல்லிய குழாயில் ஓட்டை விழ அதிக நேரம் ஆகாது.

இடைவெளியையும் பாருங்கள். குழாய் கப்பில் லொடலொடவென்று ஆடினால் கம்பி இடுக்கில் நிற்காது, வழிந்துவிடும். அடித்து ஏற்றும் அளவுக்கு இறுக்கமாக இருந்தால் உள்ளேயே போகாது. சுற்றிலும் 0.1 மில்லிமீட்டர் அளவு போதும். எமரி போட்டுத் தேய்த்தபின் அந்த இடத்தில் விரல் வைக்காதீர்கள், கை எண்ணெய் பட்ட இடத்தில் கம்பி ஒட்டாது.

இன்னொரு காரணமும் உண்டு. குழாய்க்குள் கறுப்புப் பொருக்கு வராமலிருக்க நைட்ரஜன் ஓடவிட்டுத்தான் ஒட்டவேண்டும். பொருக்கு உதிர்ந்தால் பின்னால் ஏ.சி.யிலுள்ள கேப்பிலரி என்ற மெல்லிய குழாய் அடைத்துக்கொள்ளும். ஆனால் மறுமுனையை அடைத்துவிட்டு நைட்ரஜன் கொடுத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, இறுகாத கம்பியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஊசிமுனை ஓட்டை அப்படித்தான் பிறக்கிறது. மறுமுனை திறந்திருக்கட்டும். உதட்டருகே வைத்தால் மெல்லக் காற்றுப் படும் அளவு ஓடினால் போதும்.

செம்போடு செம்பு சேர்க்கும் பாஸ்பரஸ் கம்பிக்கு ஃப்ளக்ஸ் வேண்டாம். பித்தளை வந்தால் வேண்டும். இரும்புக்கு அந்தக் கம்பியைத் தொடவே கூடாது, ஜாயின்ட் நொறுங்கும். அங்கே வெள்ளிக் கம்பியும் ஃப்ளக்ஸும். வீட்டில் பழகும்போது போட்ட ஜாயின்ட்டை ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். கப்பின் அடிவரை வெள்ளிக்கோடு போல் கம்பி இறங்கியிருக்க வேண்டும். இருபது ஜாயின்ட் அறுத்தவருக்கு இருபத்தொன்றாவது கசியாது. பழகும் குழாயில் பழைய கேஸ் துளிகூட இருக்கக் கூடாது. இப்போது வரும் ஆர்-32 கேஸ் தீப்பற்றும் தன்மை கொண்டது.

கேள்வி: நாங்கள் தமிழ்பேசும் குடும்பம், பள்ளியிலும் தமிழ் மீடியம். தெலுங்கு தெரியாததால் 'லோக்கல்' என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?
- ஒரு வாசகி, நாகலாபுரம்

பதில்: உள்ளூர்க்காரர்களுக்கு முக்கால் பங்கு வேலை என்று ஆந்திரா 2019-ல் போட்ட சட்டத்தில் 'உள்ளூர்' என்பது வசிப்பிடத்தை வைத்து, தாய்மொழியை வைத்து அல்ல. ஆதார், குடியிருப்புச் சான்று இரண்டிலும் முகவரி ஒன்றாக இருக்கட்டும். லைனில் பேச்சுத் தெலுங்கு ஒரு மாதத்தில் வந்துவிடும். எழுத்தில் பயப்பட வேண்டியது ஆங்கிலத்துக்கு. வேலை முறைத் தாளும் எச்சரிக்கைப் பலகையும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

கேள்வி: கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. லேத் ஐந்து வைத்து ஜாப் ஒர்க் செய்கிறேன். பையனுக்குச் சொல்லிக் கொடுத்து ஆறு மாதத்தில் பெரிய கம்பெனி கூட்டிப் போய்விடுகிறது. எப்படி நிறுத்துவது?
- பட்டறை உரிமையாளர், கும்மிடிப்பூண்டி

பதில்: சிலர் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கிப் பூட்டி வைக்கிறார்கள். செய்யாதீர்கள். அது சரியல்ல, நிறுத்தவும் செய்யாது. சுற்றிலும் சிப்காட் தொழிற்பேட்டை, தேர்வாய்கண்டிகை, எல்லை தாண்டி ஸ்ரீசிட்டி என்று இருக்கும்போது பையன் போகத்தான் செய்வான். அவன் போனால் மெஷின் நிற்காதபடி பாருங்கள்.

அதற்கு ஒவ்வொரு ஜாப்புக்கும் ஒரு செட்டிங் தாள். பீஸைப் பிடிக்க எந்த ஜா, டூல் மாட்டும் டரெட்டில் எந்த எண்ணில் எந்த டூல், வெட்டும் முனையாக எந்த இன்சர்ட், எத்தனை பீஸுக்கு ஒருமுறை இன்சர்ட் திருப்புவது, முதல் பீஸில் எந்த மூன்று அளவு பார்ப்பது. இதெல்லாம் இப்போது அந்தப் பையன் தலையில் இருக்கிறது, அவனோடேயே போய்விடுகிறது.

புதியவன் பீஸைக் கெடுப்பது பெரும்பாலும் வியர் ஆஃப்செட்டில், அதாவது டூல் தேய்வுக்குத் தரும் திருத்த எண்ணில். 30 மில்லிமீட்டர் வரவேண்டிய விட்டம் 30.04 வந்தால், விட்டக் கணக்கில் புரோகிராம் போட்டிருந்தால் எக்ஸ் அச்சில் கழித்தல் 0.04 என்று முழுதாகக் கொடுக்கவேண்டும். பாதியாக்கி 0.02 கொடுப்பது ஒரு தப்பு. குறியை மாற்றிப் போட்டால் 30.08 ஆகிவிடும். ஃபானக் கன்ட்ரோலில் புள்ளி வைக்காமல் எண் அடித்தால் மெஷின் அதைப் பல செட்டிங்கில் மைக்ரானாக எடுத்துக்கொள்ளும். இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் மெஷின் கதவில் ஒட்டுங்கள்.

4 முதல் 29 பேர் வரை உள்ள இடத்தில் அப்ரண்டிஸ் எடுப்பது உங்கள் விருப்பம், 30 பேர் ஆகிவிட்டால் கட்டாயம். பதிவு செய்து எடுத்தால் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, அரசு தரும். மிஞ்சும் பணத்தை ஆபரேட்டருக்கும் மெஷினை செட் செய்யும் செட்டருக்கும் இடையே சம்பள வித்தியாசமாக வையுங்கள். செட்டர் ஆகும் வழி கண்ணுக்குத் தெரிந்தால் இரண்டு வருடமாவது இருப்பான்.

கேள்வி: ரோபோ வந்துவிட்டால் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பெண்களுக்கு வேலை இருக்குமா?
- ஒரு வாசகி, சூலூர்பேட்டை

பதில்: ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை குறையும். ரோபோவுக்குப் பாடம் சொல்லும் வேலை கூடும், அதற்குப் பலம் வேண்டாம். ரோபோவை இயக்கக் கையில் பிடிக்கும் பெண்டன்ட் என்ற பெட்டியில் ஒரு சுவிட்ச் இருக்கும். பாதி அழுத்தினால் ஓடும், விட்டாலும் நிற்கும், பதறி இறுக்கினாலும் நிற்கும். கற்பிக்கும்போது வேகம் நொடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாட்டா டெக்னாலஜிஸோடு சேர்ந்து இதுபோன்ற பயிற்சிக்காக மேம்படுத்தினார்கள். நைட் ஷிப்ட் என்றால் உங்கள் சம்மதம் வாங்கவேண்டும், வண்டியும் கம்பெனி பொறுப்பு.

கேள்வி: மூன்று வருடத்தில் நான்கு கான்ட்ராக்டர் மாறிவிட்டேன். பி.எஃப். பிடிக்கிறார்கள், எங்கே போகிறதென்றே தெரியவில்லை.
- ஒரு வாசகர், ஆரம்பாக்கம்

பதில்: பி.எஃப். கணக்குக்கு யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் ஒன்றுதான் இருக்கவேண்டும். கான்ட்ராக்டர் மாறும்போது புதிய எண் போடவிடாமல் பழையதைக் கொடுங்கள். மாநிலம் மாறினாலும் அதே எண்தான். பாஸ்புக்கில் மாதாமாதம் மூன்று தொகை வருகிறதா பாருங்கள்: உங்கள் 12 சதவீதம், கம்பெனி பங்கில் பென்ஷனுக்கு 8.33, மீதி 3.67. சம்பளம் 21,000 வரை என்றால் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடும் உண்டு, உங்களிடம் 0.75 சதவீதம், அவர்களிடம் 3.25. நோய்க்கால உதவித்தொகை கிடைக்க ஆறு மாதக் கணக்குக் காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். நடுவில் இருபது நாள் 'பிரேக்' கொடுக்கும் கான்ட்ராக்டரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

அப்ரண்டிஸ் சட்டப்படி சேர்ந்திருந்தால் பி.எஃப். கிடையாது. 'டிரெய்னிங்' என்று சொல்லிக்கொண்டே பி.எஃப். பிடித்திருந்தால் நீங்கள் தொழிலாளிதான், சம்பளச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கான்ட்ராக்டர் ஓடிவிட்டாலும் வேலை வாங்கிய கம்பெனி பொறுப்பு. அதற்குக் கேட் பாஸும் சம்பளச் சீட்டும் சாட்சி, வேலையை விட்ட அன்றே கேட் பாஸைக் கொடுத்துவிடுமுன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.