எரித்த மெத்தையும் ஏற்றிய மெத்தையும்: அமெரிக்கத் தீ விதி பற்றிச் சில கேள்விகள்

அமெரிக்காவுக்கு மெத்தை அனுப்புகிறவர்களும் அனுப்ப ஆசைப்படுகிறவர்களும் கேட்டவற்றில், திரும்பத் திரும்ப வந்த சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

சிகரெட் டெஸ்ட் பாஸ் ஆகிவிட்டது. அப்புறம் எதற்கு இன்னொரு டெஸ்ட் கேட்கிறார்கள்?

இரண்டும் வேறு வேறு விதிகள். 1632 என்ற பழைய விதி 1970களில் வந்தது, படுக்கையில் புகைத்தபடி தூங்கிப்போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. எரியும் சிகரெட்டுகளை மெத்தைப் பரப்பில் வெறுமனேயும் இரண்டு விரிப்புகளுக்கு நடுவிலும் வைப்பார்கள். கருகல் சிகரெட்டிலிருந்து எந்தப் பக்கமும் 2 அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

1633 என்ற புதிய விதி அப்படியில்லை, அது நேரடித் தீ. 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. போர்வையும் விரிப்பும் பற்றி எரிந்தால் மெத்தைக்கு எவ்வளவு சூடு போகுமோ அதற்கு ஈடாக இரண்டு கேஸ் பர்னர்களைப் பிடிப்பார்கள், மேற்பரப்பில் 70 விநாடி, பக்கவாட்டில் 50 விநாடி. பிறகு எடுத்துவிட்டு, மொத்தம் 30 நிமிடம் வேடிக்கை பார்ப்பார்கள். வெப்ப வெளியீடு எந்தக் கணத்திலும் 200 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது, முதல் 10 நிமிடத்தில் வெளியான மொத்த வெப்பம் 15 மெகாஜூலைத் தாண்டக் கூடாது. மெத்தை எரியவே கூடாது என்று விதி கேட்கவில்லை. ஃபோம் முழு வேகத்தில் எரிந்தால் அறையிலுள்ள எல்லாமே ஒரே மூச்சில் பற்றிக்கொள்ளும் நிலை வந்துவிடும், அதற்கு முன்னால் ஆள் வெளியே ஓட நேரம் வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. மெத்தைக்கு இரண்டு விதியுமே பொருந்தும், ஒன்று பாஸ் என்பதால் மற்றது போய்விடாது.

1633க்கு எரிக்க வேண்டிய மூன்று சாம்பிளும் பாஸ். தையல் நூலை மட்டும் விலை குறைந்ததாக மாற்றிக்கொள்ளலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். நூல்தானே என்று தோன்றும். ஆனால் எரியும் மெத்தையை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். தீத்தடுப்புத் துணி நன்றாகத்தான் கருகி ஓடுபோல நிற்கும், ஓரத்து டேப் தையலில் சாதா பாலியஸ்டர் நூல் உருகிவிடும், தையல் வாய் பிளக்கும், உள்ளே இருக்கும் ஃபோமுக்குக் காற்றும் தீயும் ஒன்றாகப் போய்ச் சேரும். அதுவரை சோம்பலாக ஓடிக்கொண்டிருந்த வெப்ப வெளியீட்டு கிராஃப் செங்குத்தாக எழும். பலரும் ஓரத்துக்குச் சூட்டில் உருகாத அராமிட் நூல் வாங்குவது காசு மிஞ்சிப்போய் அல்ல.

விதிப்படி பார்த்தால், பாஸான புரோட்டோடைப்பிலிருந்து, அதாவது எரித்துப் பார்த்த மாதிரி அமைப்பிலிருந்து, நீளம், அகலம் மட்டும் மாறினால் புதிதாக எரிக்க வேண்டாம். மேல்துணியையும் மாற்றலாம், ஆனால் பழைய துணியே தீயைத் தடுக்கும்படி செய்யப்பட்டதாக இருந்தால் அந்தச் சலுகை கிடையாது. மற்ற மாற்றங்களுக்கு, இதனால் வரம்பு மீறாது என்று நியாயமான ஆதாரத்தோடு நீங்களே காட்டி, அதை எழுதியும் வைக்க வேண்டும். "சப்ளையர் சொன்னார்" என்பது ஆதாரம் ஆகாது. நூலுக்கு நான் சொல்வது, திரும்ப எரித்துப் பாருங்கள். எரித்தது ஒன்று, கன்டெய்னரில் ஏற்றியது ஒன்று என்றால் கையில் இருக்கும் ரிப்போர்ட் வேறு ஏதோ மெத்தையின் ரிப்போர்ட்.

ரிப்போர்ட் பிடிஎஃப் மெயிலில் இருக்கிறது. ரெக்கார்டு என்று வேறு என்ன வேண்டும்?

அது முதல் பக்கம் மட்டும். புரோட்டோடைப்புக்குத் தனி எண், அந்த எண்ணில் வரும் மாடல்கள், உள்ளே போன ஒவ்வொரு பொருளின் விவரமும் அதை விற்றவரின் பெயர், முகவரியும், தீத்தடுப்பு ரசாயனமோ நாரோ இருந்தால் அது என்ன, எப்படிச் சேர்த்தது, எப்படித் தைத்தது, தரக்கட்டுப்பாட்டு முறை எழுத்தில், லாட் வாரியாக எத்தனை மெத்தை, எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிந்தது, எல்லாம் வேண்டும்.

டெஸ்டுக்கு வீடியோ வேண்டும், இல்லையென்றால் குறைந்தது 8 படங்கள்: தொடங்குமுன் ஒன்று, முதல் 45 விநாடிக்குள் ஒன்று, பிறகு 5 நிமிடத்துக்கு ஒன்றாக 30 நிமிடம் வரை ஆறு. படத்தில் புரோட்டோடைப் எண், தேதி, நேரம், லேப் பெயர், இடம் தெரிய வேண்டும். நான் பார்த்த ஒரு ஃபைலில் எட்டுப் படமும் அழகாக இருந்தன, ஆனால் எண் எழுதிய பலகையைப் புகை மறைத்துவிட்டது. ஒரு சிலேட்டைத் தள்ளி வைக்காததால் அந்த டெஸ்டையே மறுபடி செய்தார்கள்.

அந்த புரோட்டோடைப்பில் உற்பத்தி நடக்கும் வரையும், நின்ற பிறகு 3 ஆண்டும் எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில், அமெரிக்காவில் ஓரிடத்தில். கோவையிலோ பொள்ளாச்சியிலோ ஃபேக்டரி பீரோவில் பூட்டி வைத்தால் போதாது. அங்கே இறக்குமதி செய்கிறவரும் சட்டப்படி தயாரிப்பாளர் கணக்குதான், அதனால் அவர் உங்களை விரட்டி விரட்டிக் கேட்பார். கோபிக்காமல் கொடுங்கள்.

கரூரில் மெத்தைக்கு மேல் போடும் பஞ்சு வைத்த பேட் தைக்கிறோம். எங்களுக்கும் 1633 உண்டா?

இல்லை. அந்த மாதிரி பேட் 1633இல் விலக்கு. ஆனால் 1632 சிகரெட் விதிக்குள் வருவீர்கள். உள்ளே எதுவும் நிரப்பாத வெறும் உறை என்றால் பேட் கணக்கிலேயே வராது.

நியூ ஜெர்சி கடைக்காரர் 20 இலவம்பஞ்சு மெத்தை கேட்கிறார். வெறும் 20தானே, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல ஆசைதான், எங்கள் வீட்டிலும் இலவம்பஞ்சுதான். ஆனால் எண்ணிக்கை குறைவு என்பதற்காக விலக்கு கிடையாது. ஒருவருடைய நோய்க்கோ காயத்துக்கோ டாக்டர் எழுதிக் கொடுத்து, அவருக்கென்றே செய்யும் மெத்தைக்குத்தான் தனி விலக்கு, அதற்கும் எச்சரிக்கை லேபிள் உண்டு. இலவம்பஞ்சு தீக்குச்சி பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு வழி, அங்கே பாஸான வேறொரு தயாரிப்பாளரின் புரோட்டோடைப்பை அவர் சம்மதத்தோடு பகிர்ந்துகொள்வது. அப்போது மூன்றுக்குப் பதில் ஒரு சாம்பிள் எரித்தால் போதும். ஆனால் அவருடைய அமைப்பையே அச்சு அசலாகச் செய்ய வேண்டும், இலவம்பஞ்சுக்கு அப்படி ஒருவரைத் தேடிப் பிடிப்பது உங்கள் சாமர்த்தியம்.

தீத்தடுப்பு ரசாயனம் போட்டால்தான் பாஸ் ஆகுமா?

விதி எந்த ரசாயனத்தையும் போடச் சொல்லவில்லை, முடிவை மட்டும் பார்க்கிறது. சிலிக்கா கலந்த விஸ்கோஸ், எளிதில் தீப்பிடிக்காத மோடாக்ரிலிக் நார், கம்பளி என்று பல வழிகள் உண்டு. கண்ணாடி இழை உறை மலிவு, ஆனால் வாடிக்கையாளர் ஜிப்பைத் திறந்து துவைத்துவிட்டால் வீடு முழுக்க ஊசித்தூள். கலிஃபோர்னியா 2027 ஜனவரி முதல் மெத்தையில் அதைத் தடை செய்கிறது. இப்போது டிசைன் போடுகிறவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

எந்த லேபில் எரிக்க வேண்டும்?

பெரியவர்கள் மெத்தைக்கு உங்கள் விருப்பம், முறைப்படி செய்தால் சரி. குழந்தைத் தொட்டில் மெத்தை என்றால் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஏற்ற வெளி லேபில்தான். எங்கே எரித்தாலும் அதற்கு முன் 48 மணி நேரம், 55 சதவீதத்துக்குக் குறைவான ஈரப்பதத்தில் மெத்தையை வைத்திருக்க வேண்டும். ஐப்பசி மழையில் சென்னை கோடவுனிலிருந்து நேரே தூக்கிப்போய் எரித்துவிட்டு பாஸ் என்று சொல்லாதீர்கள்.