பிடிச்ச மீன் கணக்கும் கடல்ல இருக்குற மீனும்

கேள்வி: வணக்கம் சார். என் மக பாலிடெக்னிக்ல படிக்கிறா. சதர்ன் புளூஃபின் டூனாவ ஜப்பான்காரங்க வருஷா வருஷம் எத்தனை டன் பிடிச்சாங்கன்னு ப்ராஜெக்ட்டுக்கு கிராஃப் போட்டிருக்கா, 2006, 2007ல கோடு மடமடன்னு இறங்குது, அப்போ மீன் பாதி அழிஞ்சுபோச்சுன்னு எழுதப் போறேங்கிறா. சரிதானா? (சிங்கப்பூர் ஈசூன் வாசகி)

பதில்: அப்படி எழுத வேணாம்னு சொல்லுங்கம்மா. அந்த மீனுக்கு கோட்டா உண்டு, அதாவது வருஷத்துக்கு இவ்ளோதான் பிடிக்கலாம்னு நாட்டுக்கு நாடு ஒரு வரம்பு, ஜப்பானுக்கு அப்போ வருஷத்துக்கு 6,065 டன், ஆனா 2006ல ஜப்பான் சந்தையில வித்த மீன் கணக்கை எடுத்துப் பாத்தப்போ பதிவுல காட்டினதவிட ரொம்ப அதிகமா பல வருஷமா பிடிச்சிருக்காங்கன்னு தெரிய வந்துச்சு, அதனால 2007லேருந்து கோட்டாவ 3,000 டன்னா கொறச்சுட்டாங்க. பாப்பா பாத்த இறக்கத்துல பெரும்பங்கு கோட்டா விவகாரம். மீன் நல்லா இருந்துச்சுன்னு சொல்ல வரல, அது அதுக்கு முன்னாடியே ரொம்ப கொறஞ்சு போயிருந்துச்சு, அந்தக் கொறைவு இந்தக் கோட்டுல தெரியவே தெரியாது, அதான் எனக்கு வேதனை.

கோட்டா இருக்குற எடத்துல பதிவான டன் எவ்ளோ பிடிக்க விட்டாங்கங்கறதத்தான் முதல்ல காட்டும். கூடுதலா பிடிச்சவன் எழுத மாட்டான், சின்ன மீனுக்கு கோட்டாவ வீணாக்க வேணாம்னு சிலர் அது செத்திருந்தாலும் கடல்லயே வீசிட்டு பெருசா பாத்து ஏத்துவாங்க, அதுவும் பதிவுல வராது.

சரி, ஆயிரம் தூண்டிலுக்கு எத்தனை மீன் மாட்டுச்சுன்னு பாக்கலாமேன்னு பாப்பா கேப்பா. நல்ல கேள்விதான், விஞ்ஞானிகளும் ஜப்பான் லாங்லைன் படகோட (நீளக் கயித்துல நெறைய தூண்டில் கட்டிப் பிடிக்கிற படகு) அந்தக் கணக்கத்தான் பெருசா நம்பினாங்க, ஆனா மறைச்ச மீன் எந்தப் படகுல, எந்த எடத்துல பிடிச்சதுன்னு தெரியாம அதுமேலயும் சந்தேகம் விழுந்துச்சு. போதாததுக்கு 2006லேருந்து படகுக்குப் படகு தனிக் கோட்டா வந்துச்சு. முன்ன போட்டி போட்டு முந்திப் பிடிக்கணும், இப்போ அவசரமில்ல, எப்போ எங்க போறதுன்னு அவங்களே முடிவு பண்ணலாம், அப்போ பழைய நம்பரையும் புது நம்பரையும் எப்படி அப்படியே ஒப்பிடுறது?

அதனாலதான் எவ்ளோ பிடிச்சாங்கங்கற கணக்க நம்பி இருக்காத வழிகளைத் தேடினாங்க. இந்த மீன் முட்டையிடுறது நம்ம பக்கத்துலதான், ஜாவாவுக்குத் தெக்கால. அங்க இந்தோனேசியப் படகு கொண்டுவர்ற பெரிய மீன்லேருந்தும், ஆஸ்திரேலியாவுல பிடிபடுற குஞ்சு மீன்லேருந்தும் துளி சதை எடுத்து மரபணுவப் பாத்து, எத்தனை ஜோடி பெத்ததும் பிள்ளையுமா பொருந்துதுன்னு எண்ணுறாங்க. கடல்ல தாய்தகப்பன் மீன் நெறைய இருந்தா ஜோடி அபூர்வமா மாட்டும், கொறச்சலா இருந்தா அடிக்கடி மாட்டும். எவ்ளோ அருமையான யோசனை பாருங்க!

பாப்பாகிட்ட அதே கிராஃப்ல ஒவ்வொரு வருஷக் கோட்டாவையும் இன்னொரு கோடா போடச் சொல்லுங்க, 2006க்கு முந்தின நம்பருக்குக் கீழ இது குறைச்சுக் காட்டின கணக்குன்னு ஒரு வரி எழுதணும், அந்த வரி இல்லாம சார்கிட்ட குடுக்கக் கூடாது.