சன்னிவேலில் பக்கத்து பெட்ரோல் பங்க் கசிவு: வீடு வாங்கலாமா?

வாங்கப்போகும் வீட்டுக்குப் பக்கத்து பழைய பங்கில் நிலத்தடித் தொட்டி கசிந்த வழக்கு (நீதிமன்ற வழக்கு இல்லை, அரசு வைத்திருக்கும் சுத்திகரிப்புக் கோப்பு) இன்னும் மூடப்படவில்லை, யாரைக் கேட்பது என்றுதானே கேட்டிருக்கிறீர்கள்? நகராட்சியிடம் போய் அலையாதீர்கள். சன்னிவேல் இருக்கும் கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா கவுன்டியில் பெட்ரோல் தொட்டிக் கசிவுகளைச் சுத்தம் செய்வதை மேற்பார்வை பார்ப்பது கவுன்டியின் சுற்றுச்சூழல் சுகாதாரத் துறை. 2004 வரை இதைத் தண்ணீர் மாவட்டம் (வட்டார நீர் மேலாண்மை அமைப்பு) கவனித்தது.

முதலில் மாநிலத்தின் ஜியோடிராக்கர் இணையதளத்தில் பங்கின் முகவரியைப் போடுங்கள். வழக்கு அதிகாரி பெயர், கண்காணிப்புக் கிணறுகளின் அளவீடுகள், கடிதங்கள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். கடைசி அறிக்கையில் நிலத்தடி நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். வீடு அந்தத் திசையில் இருக்கிறதா என்பதுதான் பாதிக் கேள்வி. பெட்ரோலில் இருக்கும் நச்சுப்பொருளான பென்சீனுக்குக் குடிநீரில் கலிஃபோர்னியா வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். குழாயில் வருவது நகராட்சி பரிசோதித்துத் தரும் தண்ணீர், அதனால் எனக்கு அதைவிட மண்ணிலிருந்து வீட்டுக்குள் ஏறும் ஆவிதான் கவலை. மண்வாயு சோதனை நடந்ததா என்று அதிகாரிக்கே மின்னஞ்சல் போடுங்கள். தரகர் "ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்பார், அவர் தொழில் அது!

ஒன்று: "வழக்கு மூடப்பட்டது" என்றால் மண் சுத்தம் என்று அர்த்தமில்லை. 2012 மாநிலக் கொள்கைப்படி, ஆபத்து குறைவு என்றால் மிச்சக் கழிவு இருந்தாலும் மூடலாம். மூடுமுன் அக்கம்பக்க உரிமையாளர்களுக்கு அறிவித்து, கருத்துச் சொல்ல 60 நாள் தர வேண்டும்.

ஆவணத்தில் டிரைகுளோரோஎத்திலீன் என்று கண்ணில் பட்டால் அது பங்க் விவகாரம் இல்லை, பெரும்பாலும் பழைய சிப் ஆலைகளின் கரைப்பான். அதற்கு வட்டார நீர்வள வாரியத்தையோ மத்திய சுற்றுச்சூழல் முகமையையோ கேளுங்கள்.