மரச்சீனிக் கிழங்கின் எடை எங்கிருந்து வருகிறது?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் உள்ள எங்கள் விளையில் மரச்சீனி (மரவள்ளி) நட்டிருக்கிறோம். பத்து மாதத்தில் மூடு மூடாக (செடி செடியாக) பிடுங்கி மூட்டை கட்டுகிறோம்; ஆனாலும் விளையின் மண் மட்டம் குறைவதாகத் தெரியவில்லை. நாங்கள் போடும் சாணமும் சாம்பலும்தான் கிழங்காக மாறுகின்றனவா? அப்படியானால், அதே உரத்தைப் போட்டும் தென்னை நிழலில் நின்ற மூடுகளில் மட்டும் கிழங்கு விரல் பருமனோடு நின்றுவிட்டது ஏன்?
– வாசகி, குலசேகரம்

பதில்: உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதியிலேயே முதல் பாதிக்கான விடை இருக்கிறது. உரம் சமமாக இருந்தும் விளைச்சல் குறைந்தது என்றால், அந்த மூடுகளுக்குக் கிடைக்காமல் போனது வெயில்தான். பறித்த மரச்சீனிக் கிழங்கின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் நீர். எஞ்சியதில் மிகப் பெரும்பகுதி மாவுச்சத்து. அந்த மாவுச்சத்தின் எடையைத் தனிமம் தனிமமாகக் கணக்கிட்டால், 90 சதவீதத்துக்கும் மேல் காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து வந்ததாக இருக்கும். மீதி, வேர் உறிஞ்சிய நீரின் ஹைட்ரஜன். காற்றில் கரியமில வாயு இருப்பதோ 0.04 சதவீத அளவில்தான். அவ்வளவு மெலிந்த சரக்கைச் சேர்த்துச் சேர்த்தே ஒரு செடி இத்தனை கிலோ கிழங்கை உருவாக்குகிறது என்பது இன்றும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

மண்தான் செடியாக மாறுகிறது என்ற எண்ணம் உங்களுக்கு மட்டும் தோன்றியதன்று. இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த வேதியியலாளர் வான் ஹெல்மான்ட், 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு, மழைநீர் மட்டும் ஊற்றி 5 ஆண்டுகள் வளர்த்தார். மரம் 169 பவுண்டாக, அதாவது சுமார் 77 கிலோவாக வளர்ந்திருந்தது. மண்ணில் குறைந்ததோ 2 அவுன்ஸ், சுமார் 57 கிராம். அவர் இறந்தபின் 1648 இல் வெளியான நூலில் இந்தச் சோதனை பதிவாகியுள்ளது. மரம் முழுவதும் நீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு செய்தார். எரியும் கரியிலிருந்து எழும் கரியமில வாயுவை விவரித்தவரும் அவர்தான் என்றாலும், அதே வாயு தம் மரத்துக்குள் புகுந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. செடியின் பச்சைப் பகுதிகள் மட்டும், அதுவும் வெளிச்சத்தில் மட்டும், காற்றைச் செம்மைப்படுத்துகின்றன என்பதை 1779 இல் டச்சு மருத்துவர் இங்கன்ஹவுஸ் காட்டினார்.

இலைக்குள் நடப்பது இதுதான். இலையின் அடிப்புறத்திலுள்ள நுண்ணிய துளைகள் வழியே கரியமில வாயு நுழைகிறது. பச்சையம் சூரிய ஒளியின் சிவப்பையும் நீலத்தையும் மிகுதியாக உறிஞ்சி, பச்சையைப் பெருமளவு திருப்பிவிடுவதால்தான் இலை நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது. உறிஞ்சிய ஒளியின் ஆற்றலால் நீர் பிளக்கப்பட்டு ஆக்சிஜன் வெளியேறுகிறது; நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்தன்று, நீரிலிருந்தே வருகிறது என்பதை 1941 இல் அமெரிக்க விஞ்ஞானிகள் ரூபனும் காமனும் கன ஆக்சிஜனை (எடை கூடிய ஆக்சிஜன் அணுவகையை) கொண்டு காட்டினர். அடுத்த கட்டத்தில், சேமித்த அந்த ஆற்றலைக் கொண்டு கரியமில வாயு சர்க்கரையாகக் கோக்கப்படுகிறது. இந்த மாற்றம் நடக்கும் வேதிச் சுழற்சியைக் கண்டறிந்ததற்காகவே வேதியியலாளர் மெல்வின் கால்வினுக்கு 1961 இல் நோபல் பரிசு கிடைத்தது. சர்க்கரை தண்டின் உட்பட்டைக் குழாய்கள் வழியாக இறங்கி, கிழங்கில் மாவுச்சத்தாகச் சேர்கிறது.

இதை நீங்களே பார்க்கலாம். செம்பருத்தி இலை ஒன்றின் நடுவில் கறுப்புக் காகிதத்தை இருபுறமும் மூடும்படி செருகி, இரண்டு நாள் செடியிலேயே விட்டு, நல்ல வெயில் அடித்த மாலையில் பறியுங்கள். வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, அடுப்பை அணைத்தபின், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி அதில் இலையை ஊறவிட்டால் பச்சை நிறம் கரைந்து இலை வெளிறிப்போகும். ஸ்பிரிட்டை நெருப்பின் பக்கம் கொண்டுசெல்லவே கூடாது. வெளிறிய இலையை அலசி, நீர் கலந்த அயோடின் சொட்டு விட்டால், வெயில் பட்ட பகுதி கருநீலமாக மாறும்; காகிதம் மூடிய இடம் மட்டும் அயோடினின் பழுப்பு நிறத்திலேயே நிற்கும். நறுக்கிய மரச்சீனித் துண்டில் அதே சொட்டை விட்டுப் பாருங்கள். அதே கருநீலம்!

அப்படியானால் சாணமும் சாம்பலும் வீணா என்று கேட்பீர்கள். வீணே இல்லை. பச்சையத்தின் மூலக்கூறு ஒவ்வொன்றின் மையத்திலும் ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது. பச்சையத்துக்கும் நொதிகளுக்கும் நைட்ரஜன் வேண்டும். சாம்பலிலுள்ள பொட்டாசியம் இலைத்துளைகள் திறப்பதற்கும் சர்க்கரை கிழங்குக்கு இறங்குவதற்கும் உதவுகிறது. ஆனால் உரத்தைச் செடியின் உணவு என்று சொல்லும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. அடுப்பும் பாத்திரமும் சமையலுக்கு அவசியம் என்பதால் அவை அரிசியாகிவிடா. நிழலில் நின்ற மூடு, கிடைத்த குறைந்த சர்க்கரையில் பெரும்பங்கைத் தன் சுவாசத்துக்கும், வெளிச்சம் தேடித் தண்டை நீட்டுவதற்கும் செலவிட்டுவிடுகிறது. கிழங்குக்கு மிச்சம் இல்லை. தேமல் நோய் கண்ட செடியில் கிழங்கு சிறுப்பதற்கும், இலையில் பச்சையம் குறைவது ஒரு காரணம். ஆகவே நடுவதற்கான கம்பை நோயில்லாத செடியிலிருந்து எடுங்கள். மரச்சீனியைத் திறந்த வெயிலுக்கு மாற்றிவிட்டு, தென்னையின் அடியில் மஞ்சளோ இஞ்சியோ நடுங்கள். அவை மிதமான நிழலைத் தாங்கும்.

கேள்வி: இலைத்துளைகளை இரவில் திறக்கும் செடிகள் உண்டு என்று என் மகன் பாடத்தில் படித்ததாகச் சொல்கிறான். வெளிச்சமே இல்லாதபோது அதனால் என்ன பயன்? நம் பக்கத்தில் அப்படிச் செடி உண்டா?
– வாசகர், அருமனை

பதில்: உண்டு. இளம் ரப்பர் மரங்களுக்கு இடையில் ஊடுபயிராக நடும் அன்னாசி அப்படிப்பட்டதுதான். வறண்ட பகலில் துளைகளைத் திறந்தால் நீர் ஆவியாகிவிடும் என்பதால், அது இரவின் குளிர்ச்சியில் கரியமில வாயுவை வாங்கி மாலிக் அமிலமாகச் சேமித்துக்கொள்கிறது. விடிந்தபின் துளைகளை மூடிக்கொண்டு, அந்த அமிலத்திலிருந்து வாயுவை விடுவித்து, வெயிலைக் கொண்டு சர்க்கரையாக்குகிறது. வாங்குவது இரவில், சமைப்பது பகலில். நம் வீட்டுத் தொட்டிகளில் வளரும் ரணகள்ளியும் இதே வகைதான். அதன் இலை காலையில் புளிப்பாகவும் நண்பகலில் சுவையற்றதாகவும் இருப்பதை, இந்தியாவில் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன் என்ற தாவரவியலாளர் 1815 இல் வெளியான கடிதத்தில் எழுதியிருக்கிறார். இரவில் சேர்ந்த அமிலம் பகலில் செலவாகிவிடுவதே அதற்குக் காரணம்.